நெடுவலுக்கு மட்டும் சப்பாத்து

(பரந்தன் சந்தியில் ஒரு தேநீர்க்கடை. விளையாட்டுக் கழகத்தின் பொருளாளர் அண்ணை, கணக்குக் கொப்பியோடு. கூடைப்பந்து அணி தொடங்கத் துடிக்கும் தம்பி எதிரே.)

அண்ணை: இது என்ன சிட்டை? சப்பாத்து ஒரு சோடி, அந்த உயரமான பொடியன் நெடுவலுக்கு. முட்டை நாளுக்கு நாலு, நெடுவலுக்கு. பால்மா, அதுவும் நெடுவலுக்கு. மற்ற நாலு பேருக்கும் என்ன?

தம்பி: தண்ணீர் அண்ணை. போத்தலை வீட்டிலிருந்து கொண்டு வருவார்கள்.

அண்ணை: நல்ல கதை!

தம்பி: ஒரு சூப்பர் ஸ்டாரைப் பிடித்து அவனைச் சுற்றித்தான் அணி கட்ட வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்தில் மைக்கல் ஜோர்தானை வைத்துச் சிக்காகோ புல்ஸ் அணி ஆறு முறை சம்பியன்.

அண்ணை: ஜோர்தான் எப்போது அங்கே வந்தார்?

தம்பி: 1984.

அண்ணை: முதல் கிண்ணம்?

தம்பி: (குரல் இறங்கி) 1991.

அண்ணை: ஏழு வருசம்! அதுவரை முட்டைக்கு யார் காசு கொடுத்தது?

தம்பி: இடையில் சும்மா இருந்தாரா? 1986இல் பொஸ்டன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 63 புள்ளி.

அண்ணை: வென்றார்களா?

தம்பி: அண்ணை, புள்ளியைக் கேளுங்கள். முடிவை ஏன் கேட்கிறீர்கள்?

அண்ணை: 1987இல் இன்னொரு நல்ல ஆட்டக்காரர், பிப்பன் வந்தார். பிறகு பில் ஜக்சன் பயிற்சியாளராகி, பந்து எல்லார் கைக்கும் போக வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் கிண்ணம்.

தம்பி: உங்களுக்கு இதெல்லாம் எப்படி...

அண்ணை: ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் வேறு எதைக் கதைக்கிறான்? சுகம் விசாரிக்க எடுத்தாலும் அந்த ஊர்க் கூடைப்பந்து அணி ரப்டர்ஸ் கதைதான்.

தம்பி: அப்படியென்றால் எங்கள் நாட்டு வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள். உயரமானவர் வளையத்தடியில் நின்றார், மேலால் பந்தைப் போட்டார்கள், 2018இல் ஆசியக் கிண்ணம் எங்களுக்கு!

அண்ணை: என் மகள் வலைப்பந்து ஆடுகிறவள், என்னிடம் விடாதே. அதில் பந்தை வைத்திருப்பவரை மறிக்கிறவர் மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும். கூடைப்பந்தில் மூன்று பேர் நெடுவலின் தோளில் ஏறி நிற்பார்கள். தவிர, தர்ஜினிக்கும் அந்த உயரத்துக்குக் குறிபார்த்துப் பந்து எறிய ஆள் இருந்தது. உன்னுடைய நாலு பேரும் எறிந்தால் பந்து ஏ9 வீதிக்குப் போகும்.

தம்பி: சரி, ரப்டர்ஸ்! காவாய் லெனர்ட் என்ற ஸ்டார் வந்தார், 2019இல் சம்பியன். ஏழு வருசமெல்லாம் இல்லை, ஒரே பருவம்.

அண்ணை: அடுத்த பருவம்?

தம்பி: லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டார்.

அண்ணை: நெடுவலின் மாமியும் கனடாவில். எனக்கு அந்தப் பயம் வேறு. ஆனால் ஒன்று. அவர் போன பிறகும் அந்த அணி அடுத்த பருவத்தில் 53 ஆட்டம் வென்றது. மற்றவர்களுக்கும் சப்பாத்து இருந்ததே!

தம்பி: அப்போ நெடுவல் வேண்டாமா?

அண்ணை: விசரா? அவன் இல்லாமல் என்ன அணி? எதிரணி முழுக்க அவனைத்தான் பார்க்கும். அந்த நேரம் சும்மா நிற்கிறவன் போட வேண்டும். 1997 இறுதியில் ஜோர்தானை இரண்டு பேர் நெருக்கினார்கள். அவர் தன் அணியில் சும்மா நின்ற ஸ்டீவ் கெருக்குக் கொடுத்தார், கெர் போட்டார், முடிந்தது. எங்கள் கெர் யார்?

தம்பி: (நெஞ்சை நிமிர்த்தி) நான்தான்.

அண்ணை: அந்தக் குப்பைக் கூடைக்குள் ஏதாவது போடு, பார்ப்போம்.

(தம்பி சிட்டையைக் கசக்கி எறிகிறார். அது வடைத் தட்டில் விழுகிறது.)

அண்ணை: உன்னை ஒருவரும் மறிக்கவில்லையே!

தம்பி: சோளகக் காற்று அண்ணை.

அண்ணை: மைதானத்துக்குக் கூரை போட்டுவிட்டார்களா? (எழுதுகிறார்) நெடுவலுக்கு முட்டை இரண்டு. மிச்சக் காசுக்கு உனக்கு ஒரு பந்து.

தம்பி: சப்பாத்து?

அண்ணை: ஐந்து பேருக்கும் எவ்வளவு வரும் என்று பார்க்க வேண்டும். விலை அந்தச் சிட்டையில் இருக்கிறது. போய் வடைக்குள்ளிருந்து எடு.