அர்ஜென்டினா வென்றது, அர்ஜென்டினாவின் மேல் கட்டிய பணம் தோற்றது

கத்தாரின் லுசைல் அரங்கில் 2022 டிசம்பர் 18ஆம் நாள் பிரான்சுக்கு எதிராக நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் "அர்ஜென்டினா வெற்றி" என்று வழக்கமான முறையில் பணம் கட்டியிருந்தவர்கள், மெஸ்ஸி கோப்பையைத் தூக்குவதற்கு முன்பே பந்தயத்தில் தோற்றிருந்தார்கள். காரணம் எளிமையானது: புக்மேக்கர்களின், அதாவது பந்தயப் பணம் ஏற்கும் நிறுவனங்களின் கணக்கில் ஆட்டம் என்பது 90 நிமிடமும் நடுவர் சேர்க்கும் காயநேரமும் மட்டுமே. அந்தக் கணக்கின்படி அன்றைய முடிவு இரண்டுக்கு இரண்டு, அதாவது டிரா. கூடுதல் நேரத்தில் விழுந்த கோல்களும், பெனால்டி ஷூட்அவுட்டில் கிடைத்த வெற்றியும் "கோப்பையை யார் வெல்வார்" என்ற வேறொரு பந்தயத்தில்தான் செல்லுபடியாகும். இங்கிலாந்தில் கால்பந்து பார்க்கும் நம்மவர் பலருக்கு இந்த வேறுபாடு இன்னும் தெரியாமல் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். பந்தயம் கட்டச் சொல்லும் பதிவல்ல இது. இந்தியாவில் இருந்து படிப்பவர்கள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருப்பதையும் நினைவில் கொள்ளட்டும். நான் பேசுவது, 1961 மே மாதம் முதல் பெட்டிங் கடைகள் சட்டப்படி தெருவில் இயங்கும் இங்கிலாந்தைப் பற்றி.

அந்த ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ எல்லாப் பந்தய வகைகளையும் விளக்கிவிடலாம். வெற்றி, டிரா, தோல்வி என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அடிப்படை வகை. அதில் டிரா என்றவர் வென்றார். மொத்த கோல்கள் இரண்டரைக்கு மேலா, கீழா என்பது இரண்டாவது வகை. 90 நிமிடத்தில் நான்கு கோல்கள் விழுந்ததால் மேல் என்றவர் வென்றார். அரை கோல் என்று ஒன்று கிடையாது என்பதால், இரண்டரை என்ற கோடு சமநிலைக்கு இடமில்லாமல் செய்வதற்காகவே போடப்படுகிறது. இரு அணிகளும் கோல் அடிக்குமா என்ற பந்தயமும் வென்றது. இடைவேளையில் யார் முன்னிலை, முடிவில் யார் வெற்றி என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பந்தயத்தில், இடைவேளைக்கு இரண்டுக்குச் சுழியம் என்று அர்ஜென்டினா முன்னிலையில் இருந்தும் "அர்ஜென்டினா, டிரா" என்று சொன்னவருக்கே பணம் கிடைத்தது.

கோல் அடிப்பவரைக் குறித்த பந்தயங்களில்தான் வேடிக்கை அதிகம். பிரான்சின் எம்பாப்பே அன்று மூன்று கோல் அடித்தார். ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் 1966க்குப் பிறகு விழுந்த முதல் ஹாட்ரிக் அது. ஆனால் அவருடைய மூன்றாவது கோல் 118ஆம் நிமிடத்தில் வந்தது. "எம்பாப்பே ஹாட்ரிக் அடிப்பார்" என்று வழக்கமான விதியின்கீழ் பணம் கட்டியவருக்கு, உலகமே கண்ட அந்த ஹாட்ரிக் நிகழவே இல்லை. 1966இல் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்ததும் இதே கதைதான். அவருடைய கடைசி இரண்டு கோல்களும் கூடுதல் நேரத்தில் விழுந்தவை. முதல் கோல் அடிப்பவர் யார் என்ற பந்தயத்துக்கும் ஒரு துணை விதி உண்டு: சேம்சைடு கோல் கணக்கில் வராது, அடுத்து முறையாகக் கோல் அடிப்பவரே முதல்வராகக் கொள்ளப்படுவார். இவை எல்லாம் ரகசியமாக வைக்கப்பட்டவை அல்ல, விதிப்பக்கத்தில் எழுதப்பட்டவைதான். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பது மட்டுமே சிக்கல்.

ஆசிய ஹேண்டிகேப் என்ற வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் இருப்பவர்கள்தான் இதைப் பார்த்ததும் பயந்து தாண்டிப்போகிறார்கள். வலுவான அணிக்குக் கற்பனையாகச் சில கோல்கள் குறைத்து, டிரா என்ற மூன்றாவது முடிவை நீக்கி, பந்தயத்தை இருபக்கப் போட்டியாக்குவதே இதன் நோக்கம். அரை கோல் குறைத்தால், அந்த அணி வென்றே ஆக வேண்டும். ஒரு கோல் குறைத்தால், ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றபோது கட்டிய பணம் அப்படியே திரும்பிவிடும். கால் கோல், முக்கால் கோல் என்று வரும்போதுதான் பலருக்குக் குழப்பம் உண்டாகிறது. அங்கே நடப்பது, கட்டிய தொகையை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்த இரு கோடுகளில் வைப்பது மட்டுமே. முக்கால் கோல் குறைத்த அணியின்மேல் 1.95 விலையில் (வென்றால், கட்டிய ஒவ்வொரு பவுண்டும் 1.95 பவுண்டாகத் திரும்பும் என்று பொருள்) 100 பவுண்டு கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 50 பவுண்டு அரை கோல் கோட்டிலும், 50 பவுண்டு ஒரு கோல் கோட்டிலும் போகும். அணி ஒரே கோல் வித்தியாசத்தில் வென்றால், முதல் பாதி வென்று 97.50 ஆகும், இரண்டாம் பாதி 50ஆகவே திரும்பும், கையில் வருவது 147.50. கத்தார் இறுதியில் அர்ஜென்டினாவுக்குக் கால் கோல் குறைத்துக் கட்டியவருக்குப் பாதித் தொகை திரும்பி வந்திருக்கும், பாதி போயிருக்கும். நேரடி வெற்றிக்குக் கட்டியவர் முழுவதையும் இழந்தார் என்பதோடு இதை ஒப்பிட்டால், ஒரே கருத்தை எந்த வகையில் சொல்கிறோம் என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று விளங்கும்.

இனி விலைக்கு வருகிறேன், ஏனெனில் என் கருத்து இங்கேதான் இருக்கிறது. பந்தய வகைகளை விளக்கும் கட்டுரைகள் எதனால் வெல்லலாம் என்று சொல்கின்றனவே ஒழிய, ஒவ்வொரு வகையிலும் கடைக்காரன் எவ்வளவு கழித்துக்கொள்கிறான் என்று சொல்வதில்லை. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு உண்மையில் மாறுவது அதுதான். ஓர் ஆட்டத்துக்கு உள்ளூர் அணி 2.10, டிரா 3.40, வெளியூர் அணி 3.60 என்று விலை போட்டிருப்பதாகக் கொள்வோம். ஒன்றை ஒவ்வொரு விலையாலும் வகுத்தால் முறையே 47.6, 29.4, 27.8 விழுக்காடு வரும். நேர்மையான விலையாக இருந்தால் கூட்டுத்தொகை 100 ஆக வேண்டும், இங்கே 104.8 வருகிறது. அந்த 4.8தான் கடையின் பிடித்தம். கட்டுகிற ஒவ்வொரு 100 பவுண்டிலும் சராசரியாக 95.40 மட்டுமே (100ஐ 1.048ஆல் வகுத்தால் வருவது) திரும்பும் என்று இதற்குப் பொருள். இரு பக்கமும் 1.95 என்ற ஆசிய ஹேண்டிகேப் விலையில் இதே கணக்கைப் போட்டால் கூட்டுத்தொகை 102.6தான் வரும். பார்வைக்குச் சிக்கலாக இருக்கும் வகை விலையில் மலிவாகவும், பார்வைக்கு எளிதாக இருக்கும் பல வகைகள் விலை மிகுந்தவையாகவும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. துல்லியமான ஸ்கோர், முதல் கோல் அடிப்பவர் போன்றவற்றில் சாத்தியமான முடிவுகள் பல இருப்பதால், ஒவ்வொன்றின் விலையிலும் சிறிது சிறிதாகக் கிள்ளி மொத்தத்தில் நிறைய எடுத்துவிட முடிகிறது.

அக்கியூமுலேட்டர் என்ற தொடர் பந்தயம் இந்தப் பிடித்தத்தைப் பெருக்கும் கருவி. ஐந்து ஆட்டங்களின் முடிவுகளைச் சேர்த்து, ஐந்தும் சரியானால் மட்டுமே பணம் என்று கட்டும்போது, விலைகள் ஒன்றோடொன்று பெருகுவது கண்ணுக்குத் தெரிகிறது. பிடித்தமும் அவ்வாறே பெருகுவது தெரிவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் 95.4 விழுக்காடு திரும்பும் என்றால், ஐந்தைச் சேர்த்தபின் 100 பவுண்டுக்குச் சராசரியாகத் திரும்புவது 79 பவுண்டுதான். ஐந்து வலுவான அணிகளை 1.50 விலையில் தேர்ந்தெடுத்தவர் "எல்லாம் உறுதியான வெற்றி" என்று நினைக்கிறார். அந்த விலை பிடித்தமே இல்லாத நியாயமான விலை என்று ஒப்புக்கொண்டாலும்கூட, ஐந்தும் ஒருசேர வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 13தான். சனிக்கிழமை மதியம் பெட்டிங் கடைக்குள் நுழைந்தால், சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பது இந்த வகையின் விளம்பரமாக இருப்பது தற்செயலன்று. ஒற்றை ஆட்டத்துக்கு ஆசிய ஹேண்டிகேப் கட்டச் சொல்லி யாரும் சுவரொட்டி ஒட்டுவதில்லை.

அதைவிட மோசமானதாக நான் கருதுவது பெட் பில்டர். ஒரே ஆட்டத்துக்குள்ளேயே, இந்த அணி வெல்லும், இந்த ஆட்டக்காரர் கோல் அடிப்பார், இத்தனை கார்னர்கள் வரும், இவருக்கு மஞ்சள் அட்டை கிடைக்கும் என்று நாமே கோத்துக்கொள்ளலாம். தனித்தனி ஆட்டங்களில் விலைகளைப் பெருக்கினால் சேர்ந்த விலை கிடைத்துவிடும். ஆனால் ஒரே ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி ஆட்டக்காரர் ஹாலண்ட் கோல் அடிப்பதும் அந்த அணி வெல்வதும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், வெறுமனே பெருக்க முடியாது. சேர்ந்த விலையை நிறுவனத்தின் கணினியில் உள்ள கணக்கீட்டு முறைதான் சொல்லும். அது நியாயமா என்று சரிபார்க்க, மேலே நான் காட்டிய வகுத்தல் கணக்கு உதவாது, ஏனெனில் எதிர்ப்பக்கத்தின் விலை திரையில் தரப்படுவதே இல்லை. விலையைச் சரிபார்க்க வழியில்லாத பொருளை வாங்குகிறோம், அதையும் நாமே வடிவமைத்தோம் என்ற மனநிறைவோடு வாங்குகிறோம்.

ஆட்டம் நடக்கும்போதே கட்டும் பந்தயமும், முடிவதற்கு முன்பே விற்றுவிடும் கேஷ் அவுட்டும் இரட்டைப் பிள்ளைகள். கத்தாரில் 79ஆம் நிமிடம் வரை அர்ஜென்டினாவுக்குக் கட்டியவர் கையில் கிட்டத்தட்ட வென்ற சீட்டு இருந்தது. அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் எம்பாப்பேயின் இரண்டு கோல்கள் அதைத் தலைகீழாக்கின. அதற்கு முன் விற்றவர் புத்திசாலி என்று இன்று சொல்லலாம். ஆனால் விற்கும் விலையிலும் கடை தன் பங்கைக் கழித்துக்கொள்கிறது, ஆகவே ஒரே பந்தயத்துக்கு இரண்டு முறை கட்டணம் செலுத்துகிறோம் என்பதை மறக்கலாகாது. தொலைக்காட்சியில் நாம் காண்பது சில வினாடிகள் பிந்திய காட்சி. நிறுவனத்துக்கோ அரங்கிலிருந்தே தகவல் வருகிறது. கோல் விழப்போகிறது என்று நாம் பொத்தானை அழுத்தும்போது அங்கே பந்தயம் நிறுத்தப்பட்டிருக்கும்.

ஸ்பிரெட் பெட்டிங் என்ற வகையில் இழப்பு கட்டிய தொகையோடு நிற்காது. கணிப்பு எவ்வளவு தவறுகிறதோ அவ்வளவுக்கு இழப்பு வளரும். சவுத்தாம்ப்டன் அணியின் ஆட்டக்காரர் மாட் லெ டிஸ்ஸியே, 1995இல் விம்பிள்டனுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் த்ரோ-இன் எப்போது வரும் என்பதன்மேல் இவ்வகையில் பணம் கட்டியதைப் பின்னாளில் தாமே எழுதினார். தொடக்கத்திலேயே பந்தை வெளியே அனுப்ப முயன்றார். பந்தயம் பற்றி ஏதும் அறியாத சக ஆட்டக்காரர் அதைக் களத்துக்குள்ளேயே காப்பாற்றிவிட்டார். வினாடிகள் ஓட ஓட இழப்பு ஏறும் என்பதால், பந்தை வெளியே தள்ளுவதற்காக அவர் களமெங்கும் ஓட வேண்டியதாயிற்று. எவ்வளவு சிறிய நிகழ்வுக்கும் விலை போட முடிந்தால், அதைச் சிதைக்கவும் ஒருவர் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பலர் கட்டிய பணத்தை ஒன்றாகத் திரட்டி வென்றவர்களுக்குப் பிரிக்கும் பழைய பூல்ஸ் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜான் மூர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1923இல் தொடங்கிய லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தின் கூப்பனில் டிரா ஆகும் ஆட்டங்களைக் குறித்து அனுப்புவது, தேசிய லாட்டரி 1994இல் வரும்வரை பல ஆங்கிலேயக் குடும்பங்களின் வாராந்திர வழக்கம். 1963இன் கடுங்குளிரில் ஆட்டங்கள் வரிசையாக ரத்தானபோது, நடக்காத ஆட்டங்களின் முடிவைச் சொல்ல டாம் ஃபின்னி, டாமி லாட்டன் போன்ற முன்னாள் வீரர்களைக் கொண்டு ஒரு குழுவே அமைத்தார்கள்! அங்கேயும் நிறுவனம் எடுத்துக்கொண்ட பங்கு பெரிதுதான். ஆனால் வந்த பணத்தில் தன் பங்கை எடுத்துவிட்டு மீதியைப் பிரித்துக் கொடுக்கிறது என்ற அளவில் அது வெளிப்படையான ஏற்பாடு.

பிரீமியர் லீக் அணிகள் 2025-26 பருவத்தின் முடிவோடு சட்டையின் முன்பக்கத்தில் பந்தய நிறுவனங்களின் பெயரைப் போடுவதைக் கைவிட ஒப்புக்கொண்டிருக்கின்றன. நல்லதுதான், ஆனால் சட்டையில் பெயர் இல்லாததால் பெட் பில்டரின் விலை தெளிவாகிவிடாது. பிரிட்டனில் பெட்டிங் கடையின் மூலையில் நிற்கும் சூதாட்ட எந்திரம், போட்ட பணத்தில் சராசரியாக எத்தனை விழுக்காடு திரும்பும் என்றோ, வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்றோ காட்டியாக வேண்டும் என்பது விதி. அதே கடையின் கவுண்டரில் கொடுக்கும் கால்பந்துச் சீட்டுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. நிறுவனத்தின் கணினிக்கு அந்த எண் முன்கூட்டியே தெரியும், அதைச் சீட்டில் அச்சிட ஒரு வரி இடம் போதும். சூதாட்ட ஆணையம் இதைக் கட்டாயமாக்காமல் இருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் ஒன்றும் எனக்குப் புலப்படவில்லை. இத்துறையில் பணியாற்றும் நண்பர்கள் யாரேனும் இருந்தால் அந்தக் காரணத்தை இங்கே சொல்லுங்கள்.