மூன்றாவது வரிசையில் நின்று சண்டை போடுகிறோம்

"படித்தால் வேலை கிடைக்கும்" என்று யாராவது ஒரு பதிவு போட்டால் போதும். அரை மணி நேரத்தில் கீழே நாலு பேர் வந்துவிடுவார்கள். "எங்க மாமா எட்டாவதைத் தாண்டலை, இன்னைக்கு மூணு லாரி ஓடுது." "பில் கேட்ஸே காலேஜைப் பாதியில விட்டவர்தான்." லைக்குகள் குவியும். பதிவு போட்டவர் வாயடைத்துப் போவார், அல்லது கோபத்தில் வேறு எதையோ பேசுவார்.

மாமாவின் லாரிகள் உண்மை. கேட்ஸ் ஹார்வர்டைப் பாதியில் விட்டதும் உண்மை. ஆனால் இந்த இரண்டும் அந்த வாக்கியத்துக்கு மறுப்பே இல்லை. இது ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் இருக்கிற விஷயம். ஐந்து மதிப்பெண் கேள்விக்காக லட்சக்கணக்கான பிள்ளைகள் கட்டம் போட்டு நிரப்பிய மெய் அட்டவணை நினைவிருக்கிறதா? அதுதான்.

மறந்தவர்களுக்காகக் கொஞ்சம். மெய், பொய் இரண்டில் ஏதாவது ஒன்றாக இருக்கக்கூடிய வாக்கியம் கூற்று. "மதுரை வைகைக் கரையில் இருக்கிறது" கூற்று. "கதவைச் சாத்து", "மணி என்ன?" இரண்டும் கூற்று இல்லை. கூற்றுகளை 'மற்றும்', 'அல்லது', 'இல்லை', 'என்றால்' போன்றவற்றால் இணைக்கலாம். இணைத்து வந்த பெரிய வாக்கியம் மெய்யா பொய்யா என்பது உள்ளே இருக்கும் சின்னக் கூற்றுகளின் மெய் பொய்யை மட்டும் பொறுத்தது. சொன்னவர் யார், எந்தக் கட்சி, என்ன உள்நோக்கம் என்பதற்கெல்லாம் கட்டமே கிடையாது. 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' மூன்றும் தனித்தனியாக வரும்போது யாருக்கும் சிரமம் தருவதில்லை. எல்லோரும் இடறுவது 'என்றால்' என்ற இடத்தில்தான். 'படித்தால்' என்பதும் 'படித்தான் என்றால்' என்பதுதான். அதற்கு மெய் அட்டவணையில் நான்கு வரிசை:

படித்தான், வேலை கிடைத்தது: மெய்.
படித்தான், வேலை கிடைக்கவில்லை: பொய்.
படிக்கவில்லை, வேலை கிடைத்தது: மெய்.
படிக்கவில்லை, வேலை கிடைக்கவில்லை: மெய்.

கடைசி இரண்டு வரிசையைப் பார்த்ததும் வகுப்பில் எல்லோருக்கும் நெற்றி சுருங்கும். படிக்காதவனைப் பற்றிய தகவலில் இந்த வாக்கியம் எப்படி 'மெய்' ஆகும்? இங்கே 'மெய்' என்றால் 'பொய்யாகவில்லை' என்று வாசித்துக்கொள்ளுங்கள். "பாஸ் பண்ணினால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்கிறார் அப்பா. பையன் ஃபெயில். பாவம் என்று சைக்கிளை வாங்கியும் கொடுத்துவிடுகிறார். வாக்குத் தவறினாரா? இல்லையே. வாங்கித் தராமல் விட்டிருந்தாலும் தவறியிருக்க மாட்டார். பையன் பாஸாகியும் சைக்கிள் வராவிட்டால்தான் அவர் சொன்னது பொய். நான்கில் ஒரே ஒரு வரிசை. இது புதுக் குழப்பமும் இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்தில் இதை வைத்து அடித்துக்கொண்டார்கள். எந்த 'என்றால்' மெய் என்று கூரை மேல் காக்கைகள்கூடக் கரைகின்றன என்று கலிமாக்கஸ் என்ற கவிஞர் கிண்டல் செய்திருக்கிறார்.

மாமா நிற்பது மூன்றாவது வரிசையில். அவரால் "படித்தால் வேலை கிடைக்கும்" என்பதை அசைக்க முடியாது. அவர் உடைப்பது வேறொரு வாக்கியத்தை: "படித்தால்தான் வேலை கிடைக்கும்." இந்த 'தான்' வந்ததும் அட்டவணையே மாறிவிடுகிறது. மூன்றாவது வரிசை பொய்யாகிறது, இரண்டாவது மெய்யாகிறது. நம் சண்டைகளில் பாதி, ஒருவர் 'தான்' இல்லாமல் சொன்னதை இன்னொருவர் 'தான்' போட்டுக் கேட்டுக்கொள்வதால் வருவது. சொன்னவரும் லேசுப்பட்டவர் இல்லை. மேடையில் 'தான்' போட்டுப் பேசுவார், மடக்கினால் "நான் 'தான்' போடவே இல்லையே" என்பார்.

சரி, அப்படியானால் "படித்தால் வேலை கிடைக்கும்" என்பதற்கு யார்தான் மறுப்பு? பி.இ. முடித்துவிட்டு மூன்று வருஷமாக வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிற பக்கத்துத் தெருப் பெண். இரண்டாவது வரிசை. அவளை யாரும் உதாரணமாகக் காட்டுவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தப்பித் தவறிக் காட்டினாலும் "அவ ஒழுங்காப் படிச்சிருக்க மாட்டா" என்று ஒரே போடாகப் போட்டு அவளை நான்காவது வரிசைக்குத் தள்ளிவிடுகிறோம். வாக்கியம் பிழைத்துக்கொள்ளும், அவள் மாட்டிக்கொள்வாள். அட்டவணை இதையும் முன்பே சொல்லிவிடுகிறது: "படித்தால் வேலை கிடைக்கும்", "வேலை கிடைக்கவில்லை என்றால் படிக்கவில்லை" இரண்டுக்கும் நான்கு வரிசையிலும் ஒரே விடை. இரண்டும் சமானம். முதலாவதை மேடையில் முழங்கிவிட்டு இரண்டாவதைக் கேட்டு முகம் சுளிக்க முடியாது. இரண்டாவது கொடூரமாகத் தோன்றினால் முதலாவதிலேயே எங்கோ கோளாறு.

நாம் ஏன் இரண்டாவது வரிசைப் பக்கம் போவதே இல்லை? 1966இல் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் ஒரு சோதனையை எழுதினார். நம் எழுத்தில் சொல்கிறேன். மேசையில் நான்கு அட்டைகள்: அ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்" என்பது விதி. விதி சரியா என்று பார்க்க எந்தெந்த அட்டையைப் புரட்டியே ஆக வேண்டும்? கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

பெரும்பாலானவர்கள் சொல்வது 'அ' மட்டும், இல்லாவிட்டால் 'அ', '4'. சரியான விடை 'அ', '7'. '4'க்குப் பின்னால் எது இருந்தாலும் விதிக்கு ஆபத்து இல்லை. '7'க்குப் பின்னால் ஒரு 'இ' இருந்தால் விதி காலி. இந்த மாதிரிச் சோதனைகளில் பத்தில் ஒருவர் சரியாகச் சொன்னாலே அதிகம். ஆனால் 1982இல் ஃபுளோரிடாவில் அட்டைகளை மாற்றி வைத்தார்கள்: பீர், கோக், 22 வயது, 16 வயது. "பீர் குடித்தால் 19 வயது தாண்டியிருக்க வேண்டும்" என்பது விதி. மாணவர்களில் நாலில் மூன்று பேர் அளவுக்கு 'பீர்', '16' என்று சரியாகக் கையை வைத்தார்கள். அட்டவணை அதேதான். திருட்டுத்தனத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் நமக்கு எங்கிருந்தோ மூளை வந்துவிடுகிறது. நம்முடைய சொந்த நம்பிக்கையைச் சோதிக்கும்போது மட்டும் '7' கண்ணில் படுவதில்லை.

தொடக்கத்தில் மதுரையை உதாரணம் காட்டினேன் அல்லவா, அதனால் இன்னொன்று. இந்தப் பாடத்தில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருமே, டி மார்கன், அந்தக் கணித அறிஞர் மதுரையில் பிறந்தவர். 1806. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது, அதனால் ரொம்பச் சொந்தம் கொண்டாட வேண்டாம். அவர் விதியின் ஒரு பாதி இது: 'இரண்டும் இருக்கிறது' என்பதன் மறுப்பு 'இரண்டும் இல்லை' அல்ல, 'ஏதாவது ஒன்றாவது இல்லை'.

இது தெரியாமல் எழுதிய அறிவிப்பு ஒன்றை ஒரு பார்சல் அலுவலகத்தில் பார்த்தேன். "ரசீதும் அடையாள அட்டையும் இல்லாதவர்களுக்குப் பார்சல் தரப்படாது." ஒரு பெரியவர் ரசீதைக் கையில் வைத்திருந்தார், அட்டையை வீட்டில் விட்டுவிட்டார். "ரெண்டும் இல்லாதவனுக்குத்தானே தம்பி கிடையாது? என்கிட்ட ஒண்ணு இருக்கே" என்று கேட்டார். கவுன்டரில் இருந்த பையன் அறிவிப்பை மறுபடி படித்துப் பார்த்தான், பதில் வரவில்லை. பார்சலும் தரவில்லை. 'இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும்' என்று எழுதியிருந்தால் பெரியவர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

அட்டவணைக்குப் பிடிபடாததும் உண்டு. "கிராமத்துப் பையன்தான், ஆனாலும் இங்கிலீஷ் நல்லாப் பேசுறான்." அட்டவணையில் 'ஆனாலும்' வெறும் 'மற்றும்'. கிராமத்துப் பையன், மெய். நன்றாகப் பேசுகிறான், மெய். மொத்தமும் மெய். உள்ளே இருக்கிற குத்தல் எந்தக் கட்டத்திலும் விழாது. 'அதனால்' என்பதும் அப்படித்தான். மழை பெய்தது, பள்ளி விடுமுறை, இரண்டும் மெய்யாக இருந்தாலும் விடுமுறை மழையால் வந்ததா தேர்தலால் வந்ததா என்று அட்டவணைக்குத் தெரியாது.

இவ்வளவு இருக்கிற ஒரு பாடத்தைப் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்குச் சற்று முன்னால், எட்டு வரிசை நிரப்பினால் ஐந்து மார்க் என்ற கணக்கில் படித்துவிட்டுப் போகிறார்கள். என்னைக் கேட்டால் ஒன்பதாம் வகுப்பிலேயே, குறியீடு எதுவும் இல்லாமல், நான்கு அட்டையும் இரண்டு அறிவிப்புப் பலகையும் வைத்துத் தொடங்கலாம். ப்ளஸ் டூ கணக்கு எடுக்கிற ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மூன்றாவது வரிசையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அப்பா வாங்கித் தரும் சைக்கிளை விட நல்ல உதாரணம் இருந்தால் எடுத்துக்கொள்கிறேன்.