ஒழுகாது, இணைப்புக் கொடுங்கள்

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் அழைத்தான். "அண்ணா, கடைத் தளத்தில் இருக்கிற வெளி லிங்க் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நம் ஜூஸ் வெளியே ஒழுகுகிறதாம்."

தேடலில் ஒரு தளத்துக்கு இருக்கும் மதிப்பைத்தான் இந்தத் தொழிலில் ஜூஸ் என்கிறார்கள். இருந்ததே ஒரே ஒரு வெளி இணைப்பு. நாச்சியார்கோவில் விளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு என்று எழுதிய இடத்தில் அந்தப் பதிவேட்டுக்குக் கொடுத்தது. வாங்குகிறவர் சரிபார்க்கட்டும் என்று நான்தான் சேர்த்தேன்.

ஒழுகல் கதை முழுப் பொய்யும் இல்லை. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் போட்ட, பின்னாளில் கூகுள் தேடலுக்கு அடித்தளமான பேஜ்ரேங்க் கணக்குப்படி, ஒரு பக்கம் தன் மதிப்பைத் தன்னிலுள்ள இணைப்புகளுக்குப் பங்கிட்டுத் தரும். வெளியே ஒன்று கூடினால் உள் பக்கங்களின் பங்கு சற்றுக் குறையும். அவ்வளவுதான். இதற்குப் பயந்து தளம் நடத்துகிறவர்கள் வெளி இணைப்புகளுக்கெல்லாம் நோஃபாலோ பூட்டுப் போட்டார்கள்; அதாவது, இந்த இணைப்புக்கு மதிப்புக் கொடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. பூட்டினாலும் அந்தப் பங்கு வீட்டுக்குத் திரும்பாது என்று கூகுளின் மேட் கட்ஸ் 2009-லேயே சொல்லிவிட்டார். இன்னும் பூட்டுகிறார்கள். நம் செய்தித் தளங்களோ "ஓர் ஆய்வு கூறுகிறது" என்று எழுதிவிட்டு எந்த ஆய்வு என்று காட்டுவதே இல்லை. இது கஞ்சத்தனம், வேறென்ன?

அந்தக் கணக்கின் அடிப்படையே ஆய்விதழ்களில் ஒருவர் இன்னொருவரை மேற்கோள் காட்டும் வழக்கம்தான். இணைப்பு என்பது சாட்சி. சாட்சியைக் காசுக்கு வாங்கலாம் என்று தெரிந்த நாளில் சந்தை பிறந்தது.

தம்பியும் வாங்கியிருக்கிறான். மற்றத் தளங்களிலிருந்து கடைத் தளத்துக்கு, ஐந்தாயிரம் ரூபாய்க்கு இரண்டாயிரம் லிங்க். யார் யார் நமக்கு இணைப்புத் தருகிறார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தேன். நாய் உணவு பற்றிய ஆங்கிலக் கட்டுரை, கீழே சம்பந்தமே இல்லாமல் "பித்தளை விளக்கு ஆன்லைன்". அடுத்தது சூதாட்டத் தளம், அதிலும் அதே மூன்று சொல்.

ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கப் பெருங்கடைக்கும் இதேதான் நடந்தது. சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அதன் தளத்துக்கு இணைப்புகள் வந்து குவிந்திருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது நிறுவனம். ஆனால் கூகுள் கை வைத்த அன்று மாலை சாம்சனைட் கைப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த கடை, இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. 2012-இல் பெங்குவின் என்ற கூகுளின் வடிகட்டி வந்தபின் இந்த வேலையை நிரலே பார்த்துக்கொண்டது. 2016 முதல் அது பெரும்பாலும் தண்டிப்பதுகூட இல்லை, அப்படிப்பட்ட இணைப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. ஐந்தாயிரத்துக்கு வந்த பலன் பூச்சியம்.

அதே பட்டியலின் அடியில் காசு கொடுக்காமல் வந்த ஓர் இணைப்பும் கிடந்தது. புளி போட்டு விளக்குத் துலக்குவது எப்படி என்று சித்தி சொல்லச் சொல்ல நான் எழுதிய பக்கத்தை, வெளிநாட்டில் நடனப் பள்ளி நடத்தும் ஓர் அம்மா தன் மாணவிகளுக்காகச் சேர்த்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு நிஜமான மனிதர்கள் வருகிறார்கள். மூன்று பேர் விலை கேட்டு எழுதியும் இருக்கிறார்கள்.

பதிவேட்டு இணைப்பை எடுக்க மாட்டேன் என்று சொல்லி, வார்ப்புப் பட்டறையை நாலு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சரி என்றான். கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்: "அப்படியானால் அந்த ஐந்தாயிரத்தைத் திருப்பிக் கேட்கலாமா அண்ணா?"