பாம்புக்குச் சிகரெட் புகை ஒன்றும் செய்யாதா?

"பாம்பு மெதுவாகத்தான் மூச்சு விடும், அறையில் சிகரெட் பிடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது" என்று பரவிவரும் தகவல் தவறானது. மூச்சின் வேகம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான பாம்புகளில் வலது நுரையீரலே முதன்மையாக இயங்குவதாலும், நம்மைப் போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள, மூச்சுக்கு உதவும் தசை) இல்லாததால் சளியை இருமி வெளியேற்ற அவற்றால் இயலாததாலும், உள்ளே சென்ற நுண்துகள்கள் தங்கி எரிச்சலூட்டித் தொற்றுக்கு வழிவிடக்கூடும். மேலும், பாம்பு நாக்கை நீட்டும்போதெல்லாம் சுற்றியுள்ள துகள்களை மேலண்ணத்திலுள்ள, வாசனையை உணரும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுசெல்கிறது. பாம்பை வளர்க்கும் பெட்டியின் கண்ணாடிச் சுவரிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் படியும் நிகோட்டின் எச்சம் இதற்கு விலக்கல்ல. புகைத்த கையைக் கழுவாமல் பாம்பைத் தூக்குவதும் (பலர் மறப்பது இதைத்தான்) அதே கணக்கில் சேரும். வாயைத் திறந்தே மூச்சு விடுதல், மூக்கில் சளிக்குமிழி, மூச்சில் கரகரப்பு ஆகியவை தென்பட்டால், ஊர்வனவற்றுக்குச் சிகிச்சையளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.