உண்மை விளக்கம்: ‘புரோபயாட்டிக் கோழி’யை அரைவேக்காட்டில் சாப்பிடலாமா?

“ஆன்டிபயாட்டிக் இல்லாமல், நல்ல பாக்டீரியா (புரோபயாட்டிக்) கொடுத்து வளர்த்த கோழியில் கிருமியே இருக்காது, முழுதாக வேகாவிட்டாலும் சாப்பிடலாம்” என்று சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கோழி வாங்குவோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

இன்குபேட்டரில் பொரிக்கும் குஞ்சுக்குத் தாய்க்கோழியின் குடல் பாக்டீரியா கிடைப்பதில்லை. காலியாக இருக்கும் அந்தக் குடலில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி எளிதில் குடியேறும். நல்ல பாக்டீரியாவை முன்கூட்டியே கொடுத்தால் இடத்தையும் உணவையும் அது பிடித்துக்கொள்ளும். நூர்மி, ரந்தாலா என்ற பின்லாந்து ஆய்வாளர்கள் 1973இலேயே இதைக் காட்டினார்கள். முதல் நாளிலேயே கொடுப்பது முக்கியம். கிருமி வேரூன்றிய பிறகு பலன் குறைவு. குளோரின் கலந்த குடிநீரில் போட்டால் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா செத்துவிடும். பேசிலஸ் என்ற இன்னொரு வகை நல்ல பாக்டீரியாவின் வித்துகள் (உறங்குநிலை வடிவம்) மட்டும் தீவனத்தைக் குருணையாக்கும் சூட்டையும் தாங்கும்.

இவ்வளவு செய்தாலும் கிருமி குறையும், அடியோடு ஒழியாது. நோய்வாய்ப்பட்ட கோழிக்கு இது மருந்தும் ஆகாது. தவிர, அறுக்கும்போதும் வெட்டும் பலகையிலும் கிருமி ஒட்டலாம்.

ஆகவே எந்தக் கோழியானாலும் அதன் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேகவையுங்கள். பச்சை இறைச்சியைக் குழாயடியில் கழுவாதீர்கள், தெறிக்கும் நீர் கிருமியைப் பரப்பும். சமைக்கும் முறை பற்றிய அறிவுரையைச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.