‘பேப்பர் திருத்தியாச்சா?’ என்று கேட்பவர்களே, ஒரு நிமிஷம்

பரீட்சை முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிடுகிறது இந்தக் கேள்வி. மாணவர்கள் கேட்டால் பரவாயில்லை, அவர்களுக்குப் பதைப்பு. தலைமையாசிரியர் கேட்கிறார், பெற்றோர் கேட்கிறார்கள், ‘டீச்சர் வேலைதானே, சாயங்காலமே வீட்டுக்கு வந்துடலாம்’ என்று சொல்லும் சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள்.

சரி, கணக்குப் போடுவோம். ஒரு ஆசிரியருக்கு 4 வகுப்பு, வகுப்புக்கு 42 பேர் என்றால் 168 விடைத்தாள். நெடுவினாக்கள் உள்ள நூறு மதிப்பெண் தாளை 8 நிமிடத்தில் திருத்துவதே ஓட்டமும் நடையும்தான். அப்படியும் 1,344 நிமிடம், அதாவது 22 மணி 24 நிமிடம். நடுவில் கழுத்தை நிமிர்த்தும் நேரம் இதில் சேரவில்லை. வாரத்துக்கு 8 ஃப்ரீ பீரியட், தலா 45 நிமிடம், ஆக 6 மணி நேரம் என்று கால அட்டவணை சொல்லும். யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பில் போய் நிற்பது யார்? மூன்று பீரியட் அதில் போச்சு. மிச்சம் 3 மணி 45 நிமிடம். இந்த வேகத்தில் கட்டு முடிய ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். கொடுக்கும் கெடுவோ ஒரே வாரம். மீதி நேரத்தைத் தூக்கத்திலிருந்தும் விடுமுறை நாளிலிருந்தும்தான் வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

நியாயமாகத் திருத்த வேண்டுமென்றால் நேரம் இன்னும் கூடும். ஒரு தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்திவிட்டு அடுத்ததை எடுப்பது சுலபம். ஆனால் முதல் விடை பிரமாதமாக இருந்தால் அடுத்த விடைக்கும் கை தாராளமாகிவிடும். நல்ல தாள்கள் மூன்று வரிசையாக வந்தால் நான்காவதாக வரும் சுமாரான தாள் மகா மட்டமாகத் தெரியும். முதல் பத்துத் தாளுக்கு இருந்த கறார் நாற்பதாவதில் இருக்காது. இதற்கு வழி எல்லோருக்கும் தெரியும்: பெயர் தெரியாதபடி முகப்பை மடித்துவிட்டு, 42 தாளிலும் முதல் நெடுவினாவை மட்டும் திருத்த வேண்டும். பிறகு கட்டைக் கலைத்து அடுக்கி, இரண்டாவது வினா. தெரிந்து என்ன பயன்? ஒவ்வொரு வினாவுக்கும் மொத்தக் கட்டையும் மறுபடி புரட்ட வேண்டுமே. ஒரு வாரக் கெடுவில் அது நடக்கிற காரியமா?

அடுத்தது கூட்டல். பக்கவாரியாக ஒரு கூட்டல், வினாவாரியாக ஒரு கூட்டல், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அரை மதிப்பெண்கள்தான் அதிகம் காணாமல் போகும். ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் விடை எழுதும் பிள்ளைகள் உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் மறுநாள் சண்டை. நூல் அவிழ்ந்து கூடுதல் தாள் வேறொருவர் தாளுக்குள் போய்விட்டால் இருவர் மதிப்பெண்ணும் தப்பு. பட்டியலுக்கும் தாளுக்கும் உள்ள வித்தியாசம் 9 அல்லது அதன் மடங்காக இருந்தால், 67 என்பதை 76 என்று எழுதியிருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். இரவு பதினொன்றுக்கு இந்தத் தந்திரம் தூக்கத்தைக் காப்பாற்றும்.

இத்தனைக்கும் பிறகு ஒரே மதிப்பெண்ணை மூன்று இடத்தில் எழுத வேண்டும்: பதிவேடு, மதிப்பெண் பட்டியல், இணையதளம். 504 பதிவு. நாற்பதாவது பெயரில் இணையதளம் தானாக வெளியேற்றிவிடும், சேமிக்காதது போயே போச்சு. பரீட்சைக்கே வராதவர்களுக்குச் சுழியம் விழுந்துவிட்டால் இன்னொரு கூத்து. எழுதிய 40 பேரின் சராசரி 60 என்றால், வராத இருவரையும் சேர்த்துக் கணக்கிடும்போது அது 57.1. உடனே ‘சராசரி ஏன் குறைந்தது?’ என்று விளக்கக் கடிதம் கேட்பார்கள். பாடம் நடத்தியது சரியில்லையாம்!

எல்லாவற்றையும்விட வயிறெரிவது இதில்தான். ‘சூத்திரம் சரி, அலகை மாற்றாததால் விடை தப்பு’ என்று ஆசிரியர்கள் சிவப்பு மையில் மெனக்கெட்டு எழுதியிருப்பார்கள். தாள் கைக்கு வந்ததும் பிள்ளைகளின் கண் வட்டமிட்ட எண்ணுக்குப் போகும், அடுத்து பக்கத்து மேசைக்காரன் எண்ணுக்குப் போகும். குறிப்பை யார் படிப்பது? இது புலம்பல் இல்லை, ஆராய்ந்து பார்த்த விஷயம். 1988-இல் ரூத் பட்லர் என்ற கல்வி ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், வெறும் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. குறிப்பை மட்டும் எழுதிக் கொடுத்து, பிழைகளைத் திருத்த வைத்து, இரண்டு நாள் கழித்து மதிப்பெண் சொல்லிப் பாருங்களேன். அன்று மாலையே வீட்டிலிருந்து போன் வந்துவிடும், ‘மார்க் என்னன்னு மட்டும் சொல்லுங்க’ என்று.

விடைத்தாள் கையிலிருக்கும் வாரத்தில் மாற்று வகுப்பு போடாதீர்கள். மதிப்பெண்ணை ஒரே இடத்தில் ஒரே தடவை பதிய விடுங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டு வந்து கேளுங்கள், பேப்பர் திருத்தியாச்சா என்று.