லித்துவேனியா கொடியை மட்டும்தான் அனுப்பியதா?

"ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்புக் குழுக்கள் எல்லாமே அமெரிக்கா நடத்தியவை. லித்துவேனியா மாதிரி குட்டி நாடுகள் கொடியோடு நாலு பேரை அனுப்பிவிட்டுப் பெயர் வாங்கிக்கொண்டன." இப்படி ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறான தகவல் இது. பாதுகாப்பையும் வளர்ச்சிப் பணிகளையும் சேர்த்துப் பார்க்க ஆப்கான் மாகாணங்களில் அமைக்கப்பட்ட ராணுவ-சிவில் குழுக்கள்தான் இவை.

குந்தூஸில் ஜெர்மனி, பாமியானில் நியூசிலாந்து, பாக்லானில் ஹங்கேரி என்று பல மாகாணக் குழுக்களுக்கு வேறு நாடுகளே தலைமை தாங்கின. கோர் மாகாணம் லித்துவேனியாவின் பொறுப்பு. 2004 மார்ச்சில்தான் லித்துவேனியா நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது; அடுத்த ஆண்டே கோரின் தலைநகர் சக்சரானில் முகாம் போட்டு, 2013 வரை இருந்தது. டென்மார்க், குரோஷியா, ஐஸ்லாந்து ஆகியவை அதன் தலைமையின் கீழ் ஆள் அனுப்பின. ஐஸ்லாந்துக்கு ராணுவமே கிடையாது என்பதால் அங்கிருந்து வந்தவர்கள் சிவில் பணியாளர்கள்.

கோர் லேசான இடமும் அல்ல. 2,000 மீட்டருக்கு மேல் உயரம், மோசமான மலைப்பாதைகள், பனிக்காலத்தில் அவையும் அடைபட்டுவிடும். 2008 மே மாதம் முகாமுக்கு வெளியே ஒரு போராட்டம் வன்முறையாக மாறியபோது லித்துவேனிய வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொடி காட்ட மட்டும் போனவர்கள் என்று எழுதுபவர்கள் இதையாவது பார்த்திருக்கலாம்.

சரி, அந்தப் பதிவில் உண்மையே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. லித்துவேனியாவிடம் பெரிய பணமில்லை. வளர்ச்சிப் பணிகளுக்கு அமெரிக்கா உள்ளிட்ட வெளி நன்கொடையாளர்களை நம்ப வேண்டியிருந்தது. ராணுவக் கட்டளை வரிசையிலும் ஹெராத்தில் இருந்த இத்தாலியத் தலைமைக்குக் கீழேதான் அது வரும். ஆனால் கோர் குழுவின் தலைமை லித்துவேனியாவிடம்தான் இருந்தது.